அவள் பிடித்திருந்த கை

('த ஹாண்டிங்' திரையிடலுக்குப் பிறகு ஆற்றிய சொற்பொழிவு)



படம் முடிந்து விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் ஆகிறது. இன்னும் யாரும் உரக்கப் பேசவில்லை. இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா, படம் ஓடும்போது பக்கத்தில் இருந்தவரின் கையைப் பிடித்திருந்தார். விளக்கு வந்ததும் திரும்பி, அது யார் கை என்று பார்த்துக்கொண்டார். நான் பேச வந்ததும் ஒரு கையைப் பற்றித்தான்.

இந்த உரை பின்னர் அச்சில் வரும் என்றார்கள். படம் பார்க்காதவர்களும் படிப்பார்கள் என்பதால் அந்தக் காட்சியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு. எலனோர் என்ற பெண் இருட்டில் விழித்துப் படுத்திருக்கிறாள். சுவருக்குள்ளிருந்து ஓர் ஆணின் முணுமுணுப்பு கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு ஒரு குழந்தையின் அழுகை. கேமரா சுவரில் உள்ள சுதை வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கொடியும் இலையுமாக இருந்த அந்த வேலைப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கண் தெரிகிறது, வாய் தெரிகிறது. சுவர் மாறவில்லை, நாம் பார்க்கும் விதம் மாறிவிட்டது. எலனோர் பயத்தில் தோழி தியோவின் கையைப் பற்றிக்கொள்கிறாள். பிடி இறுகுகிறது, எலும்பு நோகும் அளவுக்கு. ஒரு குழந்தையை வதைப்பதை மட்டும் பொறுக்க மாட்டேன் என்று அவள் மனம் பொங்கி, கடைசியில் வாய்விட்டுக் கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தியோ அறையின் மறுபக்கத்தில், தன் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்கிறாள். எலனோர் தன் கையைப் பார்க்கிறாள். இவ்வளவு நேரமும் அவள் பிடித்திருந்தது யார் கை?

அந்தக் கையை நாம் பார்க்கவே இல்லை. திரையில் இருந்தது ஒரு சுவர், ஒரு பெண்ணின் முகம், சில ஓசைகள். ஆனாலும் இங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்தக் கையை உணர்ந்தோம். நான் உணர்ந்தது ஒரு குளிர்ந்த கை. நீங்கள் உணர்ந்தது வேறாக இருக்கலாம்.

1963-ல் வெளியான இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள்: பேயையே காட்டாமல் பயமுறுத்திய படம். உண்மைதான். 112 நிமிடத்தில் ஓர் ஆவியின் உருவம்கூடத் திரையில் வராது. ஆனால் இந்தப் பாராட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. பேயைக் காட்டாமல் விட்டதை ஒரு சாமர்த்தியமாக மட்டும் அது பார்க்கிறது. காட்டாமல் விட்ட இடத்தில் இயக்குநர் எதைக் காட்டினார் என்று கேட்பதில்லை. அவர் காட்டியது எலனோரை. வாழ்நாளில் யாருமே சரியாகப் பார்க்காத ஒரு பெண்ணை நம் கண் முன் நிறுத்தி, வேறெங்கும் பார்வையைத் திருப்ப முடியாதபடி செய்தார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் நான்கு வழிகளில் பிறக்கும் என்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்த வரிசையில் அணங்குக்கு முதலிடம் கொடுத்திருப்பதை நான் பலமுறை யோசித்ததுண்டு. புலியைப் பார்க்கலாம், திருடனைப் பார்க்கலாம், சினந்த அரசனையும் பார்க்கலாம். அணங்கு அப்படியல்ல. அது யாரைத் தீண்டியதோ அவர் உடம்பில்தான் அதைப் பார்க்க முடியும். அந்த இயலின் பெயரே அதைத்தான் சொல்கிறது. உள்ளத்தில் எழுவது மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு. அஞ்சப்படும் பொருளை மேடைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, அஞ்சுகிறவரின் உடம்பு போதும். படத்தின் இயக்குநர் ராபர்ட் வைஸ் தொல்காப்பியம் படித்தவரில்லை. ஆனால் எலனோராக நடித்த ஜூலி ஹாரிஸின் முகத்தை அவர் படமெடுத்த விதத்துக்கு இதைவிடச் சரியான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

வைஸ் இதை எங்கே கற்றார் என்று சொல்ல வேண்டும். அவர் இயக்குநராகும் முன் படத்தொகுப்பாளராக இருந்தவர். ஓர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' அவர் தொகுத்த படம். அப்போது ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் வால் லூட்டன் என்று ஒரு தயாரிப்பாளர் இருந்தார். குறைந்த செலவில் திகில் படங்கள் எடுப்பது அவருடைய பிரிவின் வேலை. படத்தின் பெயரை நிர்வாகம் முதலிலேயே கொடுத்துவிடும், அந்தப் பெயருக்கு ஏற்ற கதையை இவர் உண்டாக்க வேண்டும். பணம் மிகக் குறைவு, பூத வேடத்துக்கும் ராட்சச உருவத்துக்கும் வழியில்லை. லூட்டன் இருட்டை எடுத்துக்கொண்டார். 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் செருப்புச் சத்தம் வருகிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் நடையை எட்டிப் போடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. திடீரென்று சிறுத்தை சீறுவது போல ஓர் ஓசையோடு ஏதோ திரைக்குள் பாய்ந்து வருகிறது. பார்த்தால் ஒரு பேருந்து. பிரேக்கின் சத்தம் அது. எண்பது ஆண்டுக்கு மேலாகியும் திகில் பட இயக்குநர்கள் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறார்கள், திரைத்துறையில் அதற்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர்.

வைஸ் முதன்முதலில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தது லூட்டன் தயாரித்த படத்தில்தான், 1944-ல். தொடங்கிய இயக்குநரால் குறித்த நாளுக்குள் முடிக்க முடியாததால் தொகுப்பாளராக இருந்த இவரிடம் படம் வந்து சேர்ந்தது. லூட்டன் 1951-ல் இறந்துபோனார். அவருக்குச் செலுத்தும் கடனாகவே 'த ஹாண்டிங்' படத்தை எடுத்ததாக வைஸ் பின்னாளில் சொல்லிவந்தார்.

இதற்கு மூலம் ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதிய நாவல். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தின் கடைசிக்கட்ட வேலைகளின்போது வைஸ் அதைத் தன் அறையில் படித்துக்கொண்டிருந்தார். பயங்கரமான பகுதி ஒன்றில் இருக்கும்போது திரைக்கதையாளர் நெல்சன் கிடிங் ஏதோ கேட்பதற்காகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர, வைஸ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாராம். உட்கார்ந்து படிக்கும்போதே இப்படி ஆட்டிவைக்கிற கதையைப் படமாக்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார்.

கிடிங் திரைக்கதை எழுத உட்கார்ந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. கதை நடக்கும் பேய் வீடு உண்மையில் ஒரு மனநல மருத்துவமனையாக இருந்தால்? வீட்டை ஆராய வரும் டாக்டர் மார்க்வேதான் மருத்துவர், எலனோர் நோயாளி, நடப்பதெல்லாம் அவள் மனத்துக்குள் என்று வைத்தால்? இருவரும் ஷெர்லி ஜாக்சனை நேரில் சந்தித்துக் கேட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நான் எழுதியது பேய்க்கதை, அமானுஷ்யம் உண்மையிலேயே நடக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். கிடிங் அந்த மருத்துவமனையைக் கைவிட்டார். ஆனாலும் அதன் நிழல் படம் முழுக்க விழுந்து கிடக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் உங்களில் பாதிப் பேர் வீட்டில் பேய் உண்டு என்றும், மீதிப் பேர் எல்லாம் எலனோரின் மனம் என்றும் சொல்வீர்கள். இரண்டுக்கும் படத்தில் இடமிருக்கிறது.

பணக்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்.ஜி.எம். நிறுவனத்தின் அமெரிக்க அலுவலகம் 10 லட்சம் டாலருக்கு மேல் தர இசையவில்லை. அந்தப் பணத்தில் அங்கே எடுக்க முடியாது. அதே நிறுவனத்துக்கு இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே போர்ஹம்வுட்டில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அங்கே கணக்கு 10.5 லட்சத்துக்குள் வந்தது. அமெரிக்கக் கதை, இங்கிலாந்தின் அரங்குகளில் படமானது.

அந்த வீட்டுக்கு வருவோம். வெளிப்புறத்துக்குத் தேர்ந்தெடுத்தது வார்விக்ஷயரில், ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் உள்ள எட்டிங்டன் மாளிகை. இப்போதும் அது இருக்கிறது, விடுதியாக நடக்கிறது. ஒளிப்பதிவாளர் டேவிஸ் போல்டன் அதன் சில காட்சிகளை அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்தார். அந்த ஃபிலிமில் நீல வானம் கருத்துவிடும், கல்லின் வரிகள் துருத்திக்கொண்டு நிற்கும். பட்டப்பகலில் எடுத்த வீடு, பகலா இரவா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சத்தில் நம்மைப் பார்க்கிறது. எலனோர் வண்டியை நிறுத்திவிட்டு முதன்முதலாக அண்ணாந்து பார்க்கும்போது, வீடு தன்னைப் பார்ப்பதாக நினைக்கிறாள். சன்னல்களைக் காட்டும் அந்தக் கோணத்தில் நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பேய் வீடு என்றால் ஒட்டடை, இருண்ட மூலை, கிறீச்சிடும் கதவு என்று நம் மனத்தில் ஒரு படம் இருக்கும். கலை இயக்குநர் எலியட் ஸ்காட் அந்தப் பக்கமே போகவில்லை. அறைகள் வெளிச்சமாக இருக்கின்றன. ஒளிந்துகொள்ள ஓர் இருட்டு மூலை கிடையாது. பூ வேலைப்பாடு, நிலைக்கண்ணாடி, பொம்மை முகம் வைத்த கதவுக் குமிழ் என்று கண் தங்க இடமில்லாமல் அலங்காரம் நிரம்பி வழிகிறது. எல்லா அறைகளுக்கும் மேல்தளம் போட்டிருக்கிறார்கள். ஸ்டூடியோ அரங்குகளில் பொதுவாக மேலே திறந்தே இருக்கும், விளக்குகளை அங்கிருந்துதான் தொங்கவிடுவார்கள். இங்கே கேமரா கீழிருந்து மேலே பார்க்கும்போதெல்லாம் மேல்தளம் பாத்திரங்களின் தலையை அழுத்துகிறது. 'சிட்டிசன் கேன்' படத்தில் வெல்ஸ் செய்ததை அருகிலிருந்து பார்த்தவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லென்ஸ் விஷயத்தை இங்கே இருக்கும் இளம் ஒளிப்பதிவாளர்கள் கவனிக்க வேண்டும். வைஸுக்கு வழக்கத்தைவிட அகலமாகப் பார்க்கும் லென்ஸ் ஒன்று வேண்டியிருந்தது. பானாவிஷன் நிறுவனத்திடம் 30 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் அது இன்னும் முழுமையாகவில்லை, ஓரங்களில் உருவம் கோணுகிறது, வெளியே தர முடியாது என்றார்கள். வைஸுக்கு வேண்டியிருந்தது அந்தக் கோணல்தான். குறை தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த பிறகே லென்ஸ் கைக்கு வந்தது. சற்று முன் பார்த்த கூடங்களை நினைத்துப் பாருங்கள். தூண்கள் லேசாக வளைந்திருக்கும், சுவர் உள்பக்கம் சாய்வது போல இருக்கும். நாவலில் அந்த வீட்டின் கோணங்கள் எதுவும் நேரானவையல்ல, எல்லாம் அணு அளவு பிசகியவை என்று வருகிறது. தச்சர்களைக் கொண்டு கோணலான வீடு கட்டாமல், கோணலான கண்ணைக் கொண்டு நேரான வீட்டைப் பார்த்தார்கள்.

பேயை நம் கற்பனைக்கு விட்டார்கள் என்பதால், ஒன்றும் செய்யாமல் இருட்டைக் காட்டி நம்மிடம் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உழைப்பு நிறைய இருக்கிறது. வீட்டுக்கு வந்த நால்வரும் வரவேற்பறையில் ஒடுங்கி நிற்கும்போது கனத்த கதவு மூச்சு விடுவது போல உள்பக்கம் புடைத்து வருகிறதே, அது பல அடுக்காக ஒட்டிய பலகைக் கதவு. பின்னால் நின்று ஓர் ஆள் மரக்கட்டையால் நெட்டித் தள்ளினார், அவ்வளவுதான். நூலகத்தில் ஆடும் இரும்புச் சுருள் படிக்கட்டுக்குள் ஒரு கம்பி வடம் ஓடுகிறது. வடத்தை இறுக்கினால் படிக்கட்டு அசையாமல் நிற்கும், தளர்த்தினால் மேலே ஏறுகிறவரோடு சேர்ந்து ஆடும். மரமும் கம்பியும் ஓர் ஆளின் தோள்வலிமையும்தான் இந்தப் படத்தின் தந்திரக் காட்சிகள். கதவு புடைக்கும்போது நாம் பார்ப்பது உண்மையான பலகை, உண்மையாக வளைகிறது. கண் அதை நம்புகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது என்ன என்ற கேள்வியை மட்டும் நம்மிடம் கொடுத்துவிடுகிறது.

ஓசைக்கு வருகிறேன். அச்சுறுத்தும் சத்தங்களில் பலவற்றை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போது அரங்கில் ஒலிக்கவிட்டார்கள். நடிகர்கள் கற்பனையான ஓசைக்கு நடுங்கவில்லை, காதில் விழுந்ததற்கு நடுங்கினார்கள். அந்த வீட்டில் தங்கும் முதல் இரவில் நடைவழியின் கோடியில் தொடங்கும் இடியோசை கதவு கதவாக நெருங்கி வருகிறது. கேமரா ஓசையைத் துரத்திக்கொண்டு சுவரில் ஓடுகிறது, கதவின் மேல்விளிம்புக்குப் போகிறது, கீழே இறங்குகிறது. ஓசை நின்றதும் குமிழ் மெல்லத் திரும்புகிறது.

அந்த இரவின் மிக முக்கியமான நொடியைப் பலர் தவறவிடுகிறார்கள். முதல் தட்டல் கேட்டதும் அரைத்தூக்கத்தில் எலனோர் பயப்படுவதில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பதில் சொல்கிறாள். நோயில் கிடந்த தாயை 11 ஆண்டுகள் பார்த்துக்கொண்டவள் அவள். தாய் சுவரைத் தட்டிக் கூப்பிடுவாள். கடைசி இரவிலும் தட்டியிருக்கிறாள். எலனோர் எழுந்து போகவில்லை. விழித்திருந்து போகவில்லையா, தூங்கிவிட்டாளா என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியாது.

என் தகப்பனாருடன் பிறந்த அத்தை ஒருவர் இருந்தார். திருமணமாகவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட என் பாட்டியை அவர்தான் பார்த்துக்கொண்டார். பாட்டிக்குக் குரல் எழும்பாது, பித்தளைச் செம்பால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். பாட்டி போன பிறகு ஒரு கோடை விடுமுறைக்கு நான் அந்த வீட்டில் தங்கினேன். நள்ளிரவில் தெருவில் ஏதோ வண்டியின் இரும்பு உரசிய சத்தம். பக்கத்தில் படுத்திருந்த அத்தை, கண்ணைத் திறக்காமலேயே, "இதோ வந்துட்டேம்மா" என்று எழுந்து உட்கார்ந்தார். பிறகு விழித்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொண்டார். வருடங்கள் கழித்து இந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது, தட்டல் கேட்டு எலனோர் பதில் சொன்ன இடத்தில் எனக்கு வந்தது பயமில்லை. அத்தையை ஒருநாளும் நான் சரியாக ஏறிட்டுப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

எலனோருக்கு வீடு கிடையாது. அக்காள் வீட்டில், கூடத்து சோபாவில் படுக்கை. தானும் பணம் போட்டு வாங்கிய காரை எடுப்பதற்கு அக்காளிடம் மன்றாடி, கிடைக்காமல், யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு வருகிறாள். பேய் வீட்டை ஆராயும் டாக்டர் மார்க்வே அவளை அழைத்தது, சிறுமியாக இருந்தபோது அவள் வீட்டின் மேல் கல்மழை பெய்தது என்ற பழைய செய்திக்காக. ஆனால் அவள் வருவதற்குக் காரணம் வேறு. அவளை யாராவது ஓர் இடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

அந்த வீட்டின் பழைய கதையும் ஒரு தட்டலில்தான் முடிகிறது. ஹ்யூ கிரெய்ன் என்பவர் கட்டிய வீடு. அவருடைய முதல் மனைவி வண்டி மரத்தில் மோதி, வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இறக்கிறாள். இரண்டாமவள் படியிலிருந்து விழுகிறாள். மகள் அபிகெய்ல் குழந்தைகள் அறையிலேயே வளர்ந்து, அங்கேயே கிழவியாகி, நோயில் கிடக்கிறாள். ஒரு நாள் துணைக்கு இருந்த பெண்ணைக் கைத்தடியால் சுவரைத் தட்டிக் கூப்பிடுகிறாள். அந்தப் பெண் வெளியே தாழ்வாரத்தில் ஒருவனோடு இருந்ததால் வரவில்லை. அபிகெய்ல் செத்துப்போகிறாள். சொத்தும் வீடும் துணைப்பெண்ணுக்கு வருகின்றன. பிறகு அவள் சுருள் படிக்கட்டின் உச்சியில் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். எலனோரின் குற்றவுணர்வு எந்த அளவில் தைத்திருக்கிறதோ அதே அளவில் அந்த வீட்டின் கதையும் தைத்திருக்கிறது. சுவரில் சுண்ணக்கட்டியால் எலனோரின் பெயரைச் சொல்லி, அவளை வீடு சேர்க்கும்படி கேட்கும் எழுத்துகள் தோன்றும்போது மற்றவர்கள் நடுங்குகிறார்கள். அவளும் நடுங்குகிறாள். ஆனால் அந்த நடுக்கத்துக்குள் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. ஜூலி ஹாரிஸின் உதட்டோரத்தில் அது வந்து மறைகிறது. படப்பிடிப்பு நாட்களில் அவரே மனச்சோர்வில் இருந்தார், மற்ற நடிகர்களிடமிருந்து ஒதுங்கியே இருந்தார். அந்தத் தனிமை நடிப்பில் வந்து சேர்ந்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்று ஒரு துறை உண்டு. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது. அணங்கு தீண்டிவிட்டது என்று தாய் வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். உண்மையில் அது காதல் நோய். தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். தாய்க்குத்தான் தெரியாது. எலனோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள். ஆனால் இங்கே தோழி இடத்தில் நின்று உண்மையைச் சொல்ல ஆளில்லை. கிளேர் புளூம் நடித்த தியோவுக்குப் பிறர் மனத்தைப் படிக்கத் தெரியும், சிலநேரம் எலனோரைப் பரிவோடு அணைக்கிறாள், சிலநேரம் கொத்துகிறாள். டாக்டர் அன்பானவர், ஆனால் அவருக்கு அவள் ஓர் ஆராய்ச்சிப் பொருள். அவர் மேல் எலனோருக்கு ஆசை துளிர்க்கும் வேளையில் அவர் மனைவி வந்து இறங்குகிறாள். எலனோரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வீடு ஒன்றுதான் மிஞ்சுகிறது. அணங்கா, ஏக்கமா என்று பிரிக்க முடியாத இடம் அது. ஒரு புகை உருவத்தைத் திரையில் காட்டியிருந்தால் அந்த நொடியே விடை கிடைத்திருக்கும், எலனோரின் ஏக்கம் கதையிலிருந்து விழுந்துபோயிருக்கும்.

படத்தில் நம்மை உண்மையாகவே தூக்கிவாரிப் போட வைக்கும் இடம் ஒன்றே ஒன்று. எலனோர் சுருள் படிக்கட்டின் உச்சிக்குப் போய் நிற்கும்போது மேலே உள்ள பலகைக் கதவு திறந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. அது பேயின் முகமில்லை. வழிதவறி மேல்மாடியில் அலைந்துகொண்டிருந்த டாக்டரின் மனைவி, உயிருள்ள பெண். அந்த வேடத்தில் நடித்தவர் லோயிஸ் மாக்ஸ்வெல், ஜேம்ஸ் பாண்ட் படங்களில் மணிபென்னியாக வருவாரே, அவரேதான். லூட்டனின் பேருந்து இருபது ஆண்டு கழித்து ஒரு மனித முகமாகத் திரும்பி வந்திருக்கிறது.

கடைசியில் எலனோரின் நன்மைக்காகவே அவளை வீட்டைவிட்டு அனுப்புகிறார்கள். அவளைக் கொன்றது அந்த நல்லெண்ணம்தான் என்று நான் நினைக்கிறேன். கார் ஓடுகிறது, ஸ்டியரிங் அவள் கையை மீறித் திரும்புகிறது, டாக்டரின் மனைவி குறுக்கே ஓடுகிறாள், கார் மரத்தில் மோதுகிறது. ஹ்யூ கிரெய்னின் முதல் மனைவி இறந்த அதே மரம். படத்தின் தொடக்கத்தில் வீட்டைப் பற்றி டாக்டரின் குரல் பேசியது. முடிவில் அதே பேச்சு எலனோரின் குரலில் வருகிறது. அவர் வெளியே நின்று அந்த வீட்டில் நடமாடும் ஏதோ ஒன்றைப் பற்றிச் சொன்னார். இவள் உள்ளே நின்று 'நாங்கள்' என்கிறாள். அவளுக்கு இருக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. இதைவிடத் துயரமான முடிவை நான் திகில் படங்களில் பார்த்ததில்லை.

படத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. எலனோரின் மனக்குரல் முதல் அரைமணி நேரத்தில் தேவைக்கு மேல் பேசுகிறது. முகம் சொல்லிவிட்டதைக் குரல் மறுபடி சொல்கிறது. நால்வரில் ஒருவனாக ரஸ் டாம்ப்ளின் நடித்த லூக்கின் குறும்புப் பேச்சும் சில இடங்களில் காட்சியைத் தளர்த்துகிறது.

1999-ல் இதே கதையை மறுபடி எடுத்தார்கள். யான் தே போன்ட் இயக்கம், லியாம் நீசன், லில்லி டெய்லர் நடிப்பு, செலவு சுமார் 8 கோடி டாலர். கணினி உதவியால் மரச்சிற்பக் குழந்தைகள் முகம் திருப்புகின்றன, படுக்கை பெண்ணைச் சிறைப்பிடிக்கிறது, ஹ்யூ கிரெய்ன் மாபெரும் உருவமாக எழுந்து கர்ஜிக்கிறார். திறமையானவர்கள் செய்த வேலை அது, ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. லில்லி டெய்லர் நல்ல நடிகை. ஆனால் அந்தப் படத்தில் எலனோரை எங்கே பார்ப்பது? திரையில் இவ்வளவு பெரிய கிரெய்ன் நிற்கும்போது ஓர் ஏழைப் பெண்ணின் முகத்தில் ஓடும் சிறு சலனத்துக்கு யாரிடம் கண் இருக்கும்? போதாக்குறைக்கு அவளை, அடைபட்ட குழந்தைகளின் ஆவிகளை விடுவிக்கும் வீராங்கனையாக மாற்றினார்கள். அவளுடைய தனிமையும் குற்றவுணர்வும் பேயோடு நடக்கும் சண்டையில் கரைந்துபோயின. அந்தப் படம் வந்த அதே ஜூலை மாதத்தில், கையில் பிடித்த கேமராவோடு மூன்று இளைஞர்கள் காட்டில் தொலைந்துபோகும் 'பிளேர் விட்ச் பிராஜெக்ட்' வெளியானது. மிகச் சிறிய செலவில் எடுத்த படம், பெயரில் உள்ள சூனியக்காரியை ஒருமுறைகூடக் காட்டவில்லை. கூடாரத்துக்கு வெளியே இரவில் கேட்கும் ஓசைகளும், உள்ளே நடுங்கும் முகங்களும் போதுமாயிருந்தன. லூட்டனும் வைஸும் போட்ட பாதை அது.

இங்கே குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பேய்க்கதைதான் முதலில் எடுக்க ஆசை வரும், எனக்குத் தெரியும். பணம் இல்லாததால் பேயைக் காட்ட முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். யார் பயப்படுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எங்கே தூங்குகிறார், யாருக்காக இரவில் எழுந்திருக்கிறார், யாருடைய கூப்பிடுதலுக்குப் போகாமல் இருந்தார் என்று எழுதிப் பாருங்கள்.

மற்றவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள், இருட்டில், ஒலியைக் குறைக்காமல். அப்போது வீட்டைப் பார்க்காதீர்கள், கதவைப் பார்க்காதீர்கள். எலனோரை மட்டும் பாருங்கள். அவளோடு அந்த வீட்டுக்கு வந்த மற்ற மூன்று பேரும் செய்யாதது அதுதான்.